999 லெவல் வேண்டாம்: தகடூர்க் களத்தில் விளையாட்டு உருவாக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில், ஒரு கல்லூரி அரங்கில் உங்கள் விளையாட்டின் மாதிரியைத் திரையில் காட்டினீர்கள். கடைசி வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். இன்றைய தருமபுரியான தகடூரின் கோட்டை மதில் மேல் விடியல் வெளிச்சம் மெல்ல ஏறியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கோ இருக்கும் பனிமலைகளையும் ஐரோப்பியக் கோட்டைகளையுமே இத்தனை ஆண்டுகளாக, வீரனை வளர்த்துக்கொண்டே கதையில் போகும் இந்த வகைக் கணினி விளையாட்டுகளில் பார்த்துப் பழகியவன் நான். நம் பாறைக் குன்றுகளையும் தென்பெண்ணை ஆற்றையும் அப்படியொரு திரையில் காண்பேன் என்று நினைத்ததே இல்லை. வேல் மறவர், வில் மறவர், பாணர், வேலன் என்று நான்கு வகை வீரர்களை அறிமுகம் செய்தீர்கள். முருகனுக்காக வெறியாடும் பூசாரியான வேலனின் கையில் மந்திரத்தைக் கொடுத்த அந்த யோசனை யாருடையதோ, அவருக்கு என் தனி வணக்கம்.

பிறகு உங்களில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, “எங்கள் விளையாட்டில் மொத்தம் 999 லெவல்” என்றார். அனுபவப் புள்ளிகள் சேரச் சேர வீரன் ஒவ்வொன்றாக ஏறும் வளர்ச்சிப் படியைத்தான் லெவல் என்கிறோம். அரங்கமே கைதட்டியது. என்னால் தட்ட முடியவில்லை. அன்று கூட்டத்துக்கு நடுவே உங்களை நிறுத்திப் பேச வாய்ப்பு அமையவில்லை. பொதுவில் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாளைக்குத் தமிழில் இப்படியொரு விளையாட்டைச் செய்யக் கிளம்பும் வேறு பிள்ளைகளுக்கும் இதே ஆசை வரத்தான் போகிறது.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உச்ச லெவலை 20-இல் நிறுத்துங்கள்.

2004 முதல் 2012 வரை தருமபுரியில் சிறிய பிரவுசிங் சென்டர் ஒன்றை நடத்தினேன். ஐந்து கணினிகள். மூன்றாவது கணினியில் மட்டும் ‘பால்டர்ஸ் கேட்’ விளையாட்டு இருந்தது. 1998-இல் வெளிவந்த அந்த விளையாட்டின் குறுந்தகட்டை ஒரு நண்பர் பெங்களூரிலிருந்து வாங்கி வந்து கொடுத்திருந்தார். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் சனிக்கிழமைதோறும் வந்து அதில் உட்காருவான். அவன் தேர்ந்தெடுத்தது மந்திரவாதி. முதல் லெவலில் அந்த மந்திரவாதியை ஓநாய் ஒன்று கடித்தாலே போதும், கதை முடிந்துவிடும். நாளொன்றுக்கு ஒரே ஒரு மந்திரம். அது தீர்ந்தால் கவண் வீசிக்கொண்டு கூட்டாளிகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிய வேண்டியதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அந்தப் பையன் அனுபவப் புள்ளிகளை எழுதி வைத்துக்கொள்வான். 20,000 புள்ளி வந்தால் ஐந்தாவது லெவல். ஐந்தாவது லெவல் வந்தால் தீப்பந்து மந்திரம்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. புள்ளி 20,000-ஐத் தாண்டியதும் அவன் எழுந்து நின்றுவிட்டான். மற்ற நான்கு கணினிகளில் இருந்தவர்களும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவன் பின்னால் நின்றார்கள். கொள்ளையர் கூட்டம் ஒன்றைத் தேடிப் போய், குறி பார்த்து, தீப்பந்தை வீசினான். திரை முழுவதும் செம்மஞ்சள் நெருப்பு. கொள்ளையர்கள் விழுந்தார்கள். அவர்களோடு சேர்த்து, முன்னால் நின்று அவனைக் காத்துவந்த அவனுடைய சொந்த வீரனும் கருகி விழுந்தான். நெருப்புக்கு வேண்டியவர் வேண்டாதவர் தெரியாது என்பதை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஒரு நிமிடம் அறையில் பேச்சே இல்லை. பிறகு அவன் உட்கார்ந்து, நோட்டில் ஒரு வரி எழுதினான்: “இனி தூரத்தில் இருந்துதான்.”

ஒரு லெவல் ஏறுவது என்றால் அதுதான். மறுநாளிலிருந்து அவன் விளையாடிய முறையே மாறிவிட்டது. எங்கே நிற்பது, யாரை முன்னே அனுப்புவது, எப்போது பொறுத்திருப்பது என்று எல்லாவற்றையும் புதிதாகக் கற்றான். ‘தாக்குதல் வலிமை 0.4 விழுக்காடு கூடியது’ என்று திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்து மறைந்திருந்தால் யார் எழுந்து வந்து பார்த்திருப்பார்கள்?

அதே விளையாட்டில் உச்ச வரம்பும் மிகக் கண்டிப்பானது. 89,000 அனுபவப் புள்ளிகளோடு கதவை மூடிவிட்டார்கள். மந்திரவாதி எட்டாவது லெவலுக்குப் போக 90,000 வேண்டும். ஆயிரம் புள்ளி குறைவு! அந்தப் பையன் என்னிடம் வந்து முறையிட்டான். என்னால் என்ன செய்ய முடியும்? ஏழாவது லெவலோடு கடைசிச் சண்டைக்குப் போனான். நான்கு சனிக்கிழமை தோற்றான். இனிமேல் லெவல் ஏறி வந்து ஜெயித்துவிடலாம் என்ற வழி அடைந்துபோனதால், கையில் இருப்பதை எடுத்து யோசிக்க ஆரம்பித்தான். மூன்றாம் லெவலிலேயே கற்றுவிட்டு மறந்துபோயிருந்த வலை மந்திரத்தைத் தேடி எடுத்தான். விற்றுவிடலாம் என்று மூட்டையில் போட்டு வைத்திருந்த மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தான். ஐந்தாவது சனிக்கிழமை ஜெயித்தான். வரம்பு இல்லாதிருந்தால் காட்டில் போய் இன்னும் இருநூறு ஓநாய்களைக் கொன்று புள்ளி சேர்த்துக்கொண்டு வந்திருப்பான். அந்தக் குப்பிகள் மூட்டையிலேயே கிடந்திருக்கும்.

இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் தாய்வீடு 1974-இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. மேசையைச் சுற்றி உட்கார்ந்து காகிதமும் பகடையும் வைத்து ஆடுவது. அதை நடத்துகிறவர்களும் உயரத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எண்பதுகளில் ஒரு வகைப் பதிப்பு 36 லெவல் வரை போனது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு 20 என்றது. 2008-இல் நான்காம் பதிப்பில் 30 ஆக்கினார்கள். 2014-இல் ஐந்தாம் பதிப்பில் மீண்டும் 20-க்கே வந்தார்கள். அந்த ஐந்தாம் பதிப்பின் கணக்கைப் பாருங்கள்: முதல் லெவலில் வீரனின் தேர்ச்சிக்காகப் பகடையோடு கூட்டும் எண் 2, பதினேழாம் லெவலில் தொடங்கி இருபதாம் லெவல் வரை அது 6. அவ்வளவுதான். இருபது முகப் பகடையில் நான்கு புள்ளி வித்தியாசம். அதனால்தான் பெரிய வீரனையும் பத்துச் சாதாரண எதிரிகள் சூழ்ந்துகொண்டால் அவனுக்கு வியர்க்கிறது.

2023-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ இந்தப் பதிப்பைத்தான் பின்பற்றுகிறது. அதில் உச்சம் வெறும் 12. நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடக்கூடிய விளையாட்டு, 12 லெவல்தான். 13 ஏன் இல்லை? 13-இல் மந்திரவாதிகளுக்கு ஏழாம் படி மந்திரங்கள் திறக்கின்றன. நினைத்த ஊருக்கு நொடியில் போய்ச் சேரும் மந்திரம் அந்தப் படியில் இருக்கிறது. செத்து நூறு ஆண்டு ஆகாதவரை உயிரோடு எழுப்பும் மந்திரமும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் கதை எழுதுகிறவர்கள், உங்களுக்கே தெரியும்: சேரன் படை கோட்டையை முற்றுகையிட்டிருக்கும் கதையில், வீரன் நினைத்த மாத்திரத்தில் வெளியே போய்விட முடியும் என்றால் முற்றுகை எங்கே இருக்கிறது?

உங்கள் கதை, சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானின் தகடூரை முற்றுகையிட்ட கதை. முடிவில் கோட்டை விழுகிறது. எல்லோருக்கும் தெரிந்த முடிவு அது. 999-ஆம் லெவலில் நிற்கும் ஒருவன் உள்ளே இருக்கும்போது அந்தக் கோட்டை ஏன் விழ வேண்டும் என்று விளையாடுகிறவன் கேட்பான். உங்களிடம் பதில் இருக்காது.

சிறு வயதில் பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் பாரதக் கூத்து நடக்கும். அர்ச்சுனன் தபசு அன்று திரௌபதி அம்மன் கோயில் முன்னால் உயரமான தபசு மரம் நட்டிருப்பார்கள். அர்ச்சுனன் வேடம் கட்டியவர் ஒவ்வொரு படியாக ஏறுவார்; ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. கீழே குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் ஈரச் சேலையோடு காத்திருப்பார்கள். அவர் உச்சிக்குப் போய் எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் வீசும்போது ஊரே கையேந்தும். “மரத்தை இன்னும் உயரமாக நட்டால் என்ன?” என்று கூத்து வாத்தியாரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே, “ஏறுகிறவனுக்குப் பாட்டு வேண்டாமா?” என்றார்.

நீங்கள் ஆறு பேர். நான்கு வகை வீரர்கள். உச்சம் 20 என்றால், முதல் லெவலை விட்டுவிட்டு ஆளுக்கு 19 ஏற்றம். ஏற்றத்துக்கு ஒரு பாட்டு, அதாவது அந்தப் படியில் வீரன் பெறும் புதிய திறன் ஒன்று என்று, மொத்தம் 76 பாட்டு எழுத வேண்டும். ஓராண்டு உட்கார்ந்தால் 76-ஐயும் நன்றாகவே எழுதிவிடலாம். 999 என்றால் 3,992. அத்தனையை யாராலும் எழுத முடியாது என்பதால்தான் அந்த இடத்தில் வெறும் எண்ணைக் கூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நேரக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். கதையை முடிக்க 50 மணி நேரம் ஆகும் என்று அன்று சொன்னீர்கள். 50 மணி நேரத்தில் 999 லெவல் என்றால் மூன்று நிமிடத்துக்கு ஒரு லெவல். தேநீர் ஆறுவதற்குள் வீரன் இரண்டு லெவல் வளர்ந்திருப்பான். 20 என்றால் சுமார் இரண்டரை மணி நேரத்துக்கு ஒன்று. நான் இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறேன்; கிருஷ்ணகிரியில் வீடு. கம்பெனி பஸ் இறக்கிவிட்டு, குளித்து, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை என் வீரன் ஒரு படி ஏறுவான் என்றால், மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அடுத்த படியில் எதை எடுப்பது என்று சூளகிரி வரைக்கும் யோசித்துக்கொண்டு போவேன். அப்படி யோசிக்க வைக்கும் விளையாட்டைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.

வரம்பை ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சாட்சி ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. 2004-இல் 60-இல் தொடங்கியது. 2007-இல் 70, 2008-இல் 80, 2010-இல் 85 என்று ஏறி, 2018-இல் 120-க்குப் போனது. 2020-இல் அவர்களே 120-இல் நின்றவர்களை 50-க்கு இறக்கி, உச்சத்தை மீண்டும் 60 ஆக்கினார்கள். அத்தனை பெரிய நிறுவனம் பதினாறு ஆண்டு ஏறிவிட்டு இறங்கி வந்த படிக்கட்டு அது.

என் அனுபவத்தில் இது வேறு விதமாக வந்தது. கைப்பேசியில் ஆடும் கற்பனை உலக விளையாட்டு ஒன்று, பெயர் வேண்டாம். சேர்ந்தபோது உச்சம் 60. எட்டு மாதம் ராத்திரி ராத்திரியாக ஆடி 60-ஐத் தொட்டு, ஒரு வாளை அடைந்தேன். எங்கள் குழுவில் பதினைந்து பேர் சேர்ந்து ஆறு வாரம் முயன்று வீழ்த்திய அரக்கனிடமிருந்து கிடைத்த வாள் அது. அடுத்த மாதம் உச்சத்தை 80 ஆக்கினார்கள். 61-ஆம் லெவலில் காட்டுப்பன்றி ஒன்றைக் கொன்றேன். அது போட்டுவிட்டுப் போன துருப்பிடித்த கத்தி என் வாளைவிட வலிமையானதாக இருந்தது. அந்தக் கத்தியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதே வாரம், லெவலை விரைவாக ஏற்றும் பொட்டலத்தைக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். என் தங்கை மகன் கல்லூரிப் பஸ் பாஸுக்கு வைத்திருந்த பணத்தில் அதை வாங்கினான். உயரும் வரம்பைக் கண்டால் எனக்கு வரும் கோபத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் எதிர்க்கேள்வி கேட்பீர்கள். ‘டிஸ்கேயா’வில் 9,999 லெவல் இருக்கிறதே என்பீர்கள். உண்மை. அங்கே எண் பெருகுவதே விளையாட்டு; பூதாகாரமான தாக்குதலைப் பார்த்துச் சிரிக்கத்தான் அதை ஆடுகிறார்கள். நீங்கள் சொல்வது போர்க்களத்தில் மடிந்தவர்களின் கதை. ‘டயாப்லோ 2’-இல் 99 இருக்கிறது என்றால், அதில் கடைசித் திறன்கள் 30-ஆம் லெவலிலேயே திறந்துவிடுகின்றன. 99 என்பது தொலைவில் தெரியும் மலை. அதைத் தொடாமலே கதை முடியும். அந்த வகை எனக்கு உடன்பாடுதான், ஆனால் அது கொள்ளைப் பொருளைத் தேடித் திரும்பத் திரும்ப ஆடும் விளையாட்டுக்கு உரியது.

‘எல்டன் ரிங்’தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எட்டுப் பண்புகள், ஒவ்வொன்றும் 99 வரை. எல்லாவற்றையும் நிரப்பினால் 713-ஆம் லெவல். ஆனால் ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் 120 முதல் 150-க்குள் தாங்களாகவே நின்றுவிடுகிறார்கள். அதற்கு மேல் போனால் எல்லோரும் எல்லாமாக ஆகிவிடுவார்கள். வாள்காரனுக்கும் மந்திரவாதிக்கும் வேறுபாடு இராது. 2011-இல் வந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டிலும் முதலில் 81 அளவில் இயல்பாகவே ஓர் எல்லை இருந்தது. 251 திறன்களில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எடுக்க முடியும், அதனால் உங்கள் வீரன் வேறு, என் வீரன் வேறு. 2013-இல் அந்த எல்லையை எடுத்துவிட்டார்கள். பொறுமை இருந்தால் ஒருவனே எல்லாத் திறனையும் அடையலாம் என்று ஆயிற்று. உங்கள் விளையாட்டில் பாணரும் வேலனும் கடைசியில் ஒரே ஆளாகிவிட்டால், அந்த நான்கு வேடத்தையும் இவ்வளவு அழகாக வரைந்ததற்குப் பொருள் என்ன?

இன்னொன்றையும் கவனியுங்கள். உயரமான வரம்பு வைத்தவர்கள் அடுத்து விழும் குழி, எதிரிகளையும் கூடவே வளர்ப்பது. வீரன் 300-க்குப் போனால் வழியில் ஆடு மேய்ப்பவனும் 300. 2006-இல் வந்த ‘ஆப்ளிவியன்’ விளையாட்டில் வழிப்பறிக்காரர்கள்கூட விலையுயர்ந்த கவசம் அணிந்து வந்தது இதனால்தான். வீரன் வளர்ந்தானா, உலகம் வளர்ந்ததா என்றே தெரியாமல் போகிறது. தொப்பூர்க் கணவாயில் வழிமறிக்கும் கூட்டத்துக்கு ஐந்தாம் லெவல் என்று நிர்ணயித்தால், கடைசி வரை அது ஐந்தாகவே இருக்கட்டும். முதலில் பயந்து சுற்றுவழியில் போனவன், பதினைந்தாம் லெவலில் திரும்பி வந்து அதே கணவாயில் நேரே நடக்கட்டும். அவர்கள் அவனைப் பார்த்து ஒதுங்கட்டும்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் நடுகற்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; உங்கள் ஓவியத்தில் அதன் சாயல் தெரிந்தது. பார்த்திராவிட்டால் ஒரு நாள் போய் அருகில் நின்று பாருங்கள். ஆநிரை மீட்கப் போனவன் ஒரு கையில் வில்லோ கேடயமோ, மறு கையில் வாளோ ஏந்தி நிற்கிறான். சில கற்களில் அவன் உடம்பிலேயே அம்புகள் தைத்திருக்கின்றன. நான்கைந்து அம்பில் சாகக்கூடிய மனிதன், சாவோம் என்று தெரிந்து மாட்டுக்காகப் போனதால்தான் ஊர் அவனுக்குக் கல் நட்டது. உயிர்ப் புள்ளி ஒன்பது லட்சம் வைத்திருப்பவனுக்கு யார் கல் நடுவார்கள்?

கடைசியாக, நெல்லிக்கனி. உங்கள் மாதிரிக் காட்சியில் அது வந்தது. அதியமான் மலையேறிப் பறித்த கனி. உண்டவர் நெடுநாள் வாழலாம் என்று தெரிந்தும் அதைச் சொல்லாமல் ஔவைக்குக் கொடுத்துவிட்ட கனி. விளையாட்டில் அதை உண்டால் ஒரு லெவல் ஏறும் என்று வைத்திருக்கிறீர்கள். கொடுப்பதா, தானே உண்பதா என்பதை விளையாடுகிறவன் முடிவு செய்யலாம். மிக அருமையான இடம். ஆனால் 999-இல் ஒன்று போனால் என்ன? மூன்று நிமிடத்தில் அதை ஈடுகட்டிவிடலாம். யாரும் யோசிக்காமல் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கனிக்கு ஒரு மதிப்பும் இராது.

உச்சம் 20 என்று வைத்துப் பாருங்கள். கதையின் போக்கில் ஒருவன் 19 வரைதான் ஏற முடியும். இருபதாவது படிக்கு அந்தக் கனி ஒன்றுதான் வழி என்று ஆக்குங்கள். இருபதாவது படியில் என்ன கிடைக்கும் என்பதையும் அவனுக்கு முன்கூட்டியே காட்டிவிடுங்கள். வேல் மறவனுக்கு அந்த ஒரே ஒரு வீச்சு, வேலனுக்கு அந்த ஒரே ஒரு வெறியாட்டு. ஐம்பது மணி நேரம் அதை நினைத்து ஏறி வந்தவன் கையில் கனி இருக்கிறது. எதிரே ஔவை நிற்கிறார். கோட்டைக்கு வெளியே சேரன் படை. இப்போது அவன் விரல் எந்தப் பொத்தானை அழுத்தும்? கொடுத்தவன் 19-ஆம் லெவலிலேயே கடைசிப் போருக்குப் போகட்டும். அந்தப் போர் அவனுக்குக் கடினமாகவே இருக்கட்டும். அவனைத் தேற்றுவதற்காக வேறொரு பரிசை மறைமுகமாகக் கொடுத்துவிடாதீர்கள். அதைச் செய்தால் அந்தக் காட்சியே கெட்டுவிடும்.

விளையாட்டு நன்றாகப் போய், இரண்டாம் பாகம் வேண்டும் என்று எல்லோரும் கேட்கும் நாள் வரும். அப்போதும் 20-ஐத் தொடாதீர்கள். ‘கில்ட் வார்ஸ்’ 2005-இல் 20-ஐ உச்சமாக வைத்து வந்தது. 2007 வரை அடுத்தடுத்துப் புதிய பாகங்கள் வந்தும் அந்த 20 மாறவே இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன்கள் அதில் உண்டு, களத்துக்கு எட்டை மட்டுமே எடுத்துப் போகலாம். வந்தவர்களுக்குப் புதிய நிலம் கிடைத்தது, புதிய திறன் கிடைத்தது. பழைய வாள் துருப்பிடிக்கவில்லை. நீங்களும் இரண்டாம் பாகத்தில் ஒகேனக்கல்லைத் திறங்கள், தீர்த்தமலையைத் திறங்கள். புதிதாக ஒரு விறலியை, ஆடிப் பாடும் கலைஞியை, சேருங்கள்; அவளுக்கு 19 பாட்டு எழுதுங்கள்.

எனக்கு வார விடுப்பு ஞாயிற்றுக்கிழமை. நெல்லிக்கனிக் காட்சியை மேற்சொன்னபடி ஒருமுறை கட்டிப் பார்க்க முடிந்தால், ஆடிப் பார்க்க ஆள் வேண்டுமே, நான் வருகிறேன். அந்தப் பாலிடெக்னிக் பையன் இப்போது ஓசூரில் என் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே வேலை பார்க்கிறான்; அவனையும் அழைத்து வருகிறேன். நோட்டு இன்னும் வைத்திருக்கிறானாம்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து உங்கள் அண்ணன் ஒருவன்